கட்டை விரலுக்குக் கீழே இருந்த தேதி

பத்துமலைக்குச் சட்டம் தெரியும் என்று ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சனம் முழுக்க நம்பியது. அப்படி நம்ப வைத்தவரும் பத்துமலைதான். ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக அவர் கோப்பு சுமக்கிறார். கோர்ட்டுக்குக் கொண்டு போவார், கோர்ட்டிலிருந்து கொண்டு வருவார், நடுவில் முதலாளிக்கு மீ கோரேங் பொட்டலம் வாங்கி வருவார். சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாரே ஒழிய, ஒரு நாளும் பிரித்துப் படித்தவர் இல்லை. ஆனால் மேலட்டையில் எழுதியிருக்கும் பிரிவு எண்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். கல்யாண வீடோ கருமாதி வீடோ, யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், எண்ணைச் சொல்லிவிடுவார். "செக் திரும்பிடிச்சா? நானூத்து இருபது. பத்து வருசம் உள்ள போகலாம் லா." கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். 'லாயர் அண்ணே' என்ற பட்டம் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெயரில் மலை பத்து இருந்தாலும் பையில் காசாகப் பத்து வெள்ளி இருக்காது. இதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று சனம் நினைத்துக்கொள்ளும். அதுவும் அவருக்கு வசதியாக இருந்தது.

ஏழாங்கட்டைத் தோட்டம் பீடோரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, சனம் குடியிருந்த லயங்களை இடித்து, சனம் ஈப்போ, ஜெலாப்பாங், பீடோர் என்று சிதறிய பிறகு அங்கே மிஞ்சியது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு முறை ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் வந்து சேருவார்கள். வந்தவர்கள் மைக்கில் நன்கொடை சொல்வார்கள். வம்பே அதில்தான். 'இரண்டாயிரம்' என்று மைக்கில் முழங்கிவிட்டுக் காரில் ஏறியவர்கள் அடுத்த ஆடிக்குத்தான் தலை காட்டுவார்கள். ஒரு புண்ணியவான் கொடுத்த செக் மூன்று முறை திரும்பி வந்தது.

கோயில் பொருளாளர் கலாதேவி. பீடோரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை பார்க்கிறவள். புருசன் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் படிக்க வைக்கிறாள். போன வருடக் கூட்டத்தில் வராத நன்கொடைப் பட்டியலை அவள் அழாத குறையாக வாசித்தாள். அப்போது எழுந்து நின்று சட்டம் பேசியவர் யார்? வேறு யார்.

"இனிமே வாய்ச்சொல்லும் கெடையாது, செக்கும் கெடையாது," என்றார் பத்துமலை. "தோட்டத்துல போனுக்கு லைன் கெடைக்காது, எல்லாருக்கும் தெரியும். அதனால பீடோர் டவுன்லயே போன்ல பணத்த அனுப்பிட்டு உள்ள வரணும். சிலிப்ப கலாகிட்ட காட்டணும். காட்டுனாதான் மைக்கு. என்ன சொல்றீங்க?"

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஒரு வாரம் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கைதட்டலோடு நின்றிருந்தால் தேவலை. அந்த வருடத் திருவிழாவில் அதிகம் கொடுத்தவன் மகேந்திரன், பத்துமலையின் மனைவி நவமணியின் தம்பி, பத்துமலைக்கு மச்சான். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் தொழில். அதிகம் கொடுத்தவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வது அந்தக் கோயில் வழக்கம். பட்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மகேந்திரன் இவர் பக்கம் திரும்பி, "மச்சான், அடுத்த வருசமாச்சும் நீங்க கட்டிக்கங்க லா," என்றான். கேலியாகச் சொன்னானா, பாசமாகச் சொன்னானா என்று பத்துமலை ஒரு வருடம் யோசித்தார். கேலிதான் என்று முடிவு கட்டினார். முடிவு கட்டுவதில் அவருக்கு எப்போதும் அவசரம்.

இந்த வருடம் திருவிழாச் சனிக்கிழமை காலை. பீடோரில் கார் நிற்கிறது. நவமணி பூ வாங்க இறங்கிப் போயிருக்கிறாள். பத்துமலையின் கணக்கில் நாற்பத்து மூன்று வெள்ளி இருக்கிறது. ஆனால் அவருக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. ஊழியர் சேமநிதிப் பணத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. பத்து நாளில் வந்துவிடும். கைப்பேசியில் பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தார். 'எந்தத் தேதியில் அனுப்ப வேண்டும்' என்று அது மரியாதையாகக் கேட்டது. இருபதாம் தேதி என்று போட்டார். எவ்வளவு என்று கேட்டது. கை தானாக ஐயாயிரம் என்று போட்டது. நாற்பத்து மூன்று வெள்ளிக்காரனைப் பார்த்து, 'ஏன்டா, உனக்கு இது தேவையா?' என்று அந்த இயந்திரம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பச்சை நிறத்தில் ஒரு சரி போட்டு, கோயில் பெயரைப் போட்டு, ஐயாயிரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் இருபதாம் தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

கோயிலில் கலாதேவி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். பத்துமலை கைப்பேசியை நீட்டினார். நீட்டும்போது கட்டை விரல் எறும்பு எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது. தற்செயலாக இல்லை. காரிலேயே இரண்டு முறை வைத்துப் பார்த்திருந்தார்.

"ஐயாயிரமா? அண்ணே, நெசமாவா?" கலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மாவுக்குத்தானே," என்றார் பத்துமலை.

வாயால் பொய் சொல்லவில்லை, விரலைத்தான் வைத்தோம். அன்றைக்கு அவர் தனக்கே கொடுத்துக்கொண்ட சட்ட ஆலோசனை அது. கட்டணமும் இல்லை, தரமும் இல்லை. மைக்கில் பெயர் வந்தது. பரிவட்டம் வந்தது. பட்டு நெற்றியில் இறுக்கியபோது மகேந்திரனின் முகத்தைப் பார்த்தார். அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தான், இவரைப் பார்க்கவே இல்லை. நவமணி மட்டும் பக்கத்தில் வந்து மெல்ல, "ஏதுங்க அம்புட்டுப் பணம்?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல போனஸ்."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த அலுவலகம் அவருக்குத் தீபாவளிக்கு ஒரு டின் பிஸ்கட்டுக்கு மேல் கொடுத்ததில்லை. நவமணிக்கும் அது தெரியும். ஆனாலும் புருசன் தலையில் பட்டைப் பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் விட்டாள். அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, கழுத்தில் போட்ட மாலை கனமாக இருந்தது.

அவர் கணக்குப் போடாத ஒன்று இருந்தது. ஐயாயிரம் வந்துவிட்டது என்று நினைத்தால் கோயில்காரர்கள் அதைச் செலவு செய்வார்களே என்ற சின்ன விசயம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்குச் சோறும் சாம்பாரும் ஒரு கூட்டும்தான் பேச்சு. சனிக்கிழமை மத்தியானமே கலாதேவி பீடோர் வரை போய், லகாட்டில் இருக்கிற சமையல்காரன் சீனிக்குப் போன் போட்டாள். வாழை இலை, வடை, பாயசம், அப்பளம், மூன்று கறி என்று ஏற்றிச் சொன்னாள். அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். கோயில் தலைவர் அர்ச்சுனன் இருதய வைத்தியத்துக்குப் பினாங்கு போகும் முன் இரண்டு வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றில் கலாதேவி தன் கையெழுத்தையும் போட்டு, ஐயாயிரத்துச் சொச்சம் எழுதி, சீனியின் கையில் கொடுத்துக் கும்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை செக் திரும்பியது.

"அண்ணே, பேங்க்ல போய்ப் பாத்தேன்," என்றாள் கலாதேவி போனில். "உங்க பணம் ஏறவே இல்லங்கிறாங்க. என்னண்ணே ஆச்சு?"

ஒரு மனிதனுக்கு உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பத்துமலையின் வாய் திறந்தது. "சிஸ்டத்துல சிக்கியிருக்கும்மா," என்றது வாய். "வெவ்வேற பேங்க்குல்ல, சூசா, கொஞ்சம் செரமந்தான். சீனிய இருபத்தொண்ணாந்தேதி மறுபடி போடச் சொல்லு. கண்டிப்பா ஏறிடும்."

"நீங்க சொன்னா சரிதாண்ணே. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

பதினாலாம் தேதி சேமநிதிப் பணம் வந்தது. அதைப் பத்துமலை பார்ப்பதற்குள் நவமணி பார்த்துவிட்டாள். வீட்டுக் கடன் ஏழு மாதம் நின்று போயிருந்தது, வங்கியிலிருந்து கடைசிக் கடிதம் வந்து மேசையில் கிடந்தது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் விரலாலேயே அமுக்கச் சொல்லி, கடைசி நூறு வரைக்கும் கட்ட வைத்தாள். 'ஐயாயிரம் மட்டும் விட்டு வை' என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? கோயிலுக்குத்தான் போனஸ் கொடுத்தாயிற்றே. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரனும் இல்லை, எட்டாம் நாள் தாண்டவும் இல்லை.

இருபதாம் தேதி காலை ரொட்டி சானாய்க் கடையில் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. கணக்கில் போதிய பணம் இல்லை, அனுப்ப முடியவில்லை. படித்தார். இன்னொரு ரொட்டி சொன்னார். கலாதேவிக்குப் போன் போட்டு, சீனியை நிறுத்தச் சொல்ல ஒரு முழு நாள் இருந்தது. மதியம் போடலாம் என்றிருந்தார். சாயங்காலம் போடலாம் என்றிருந்தார். மறுநாள் சீனி செக்கைப் போட்டான், அது இரண்டாம் முறையும் திரும்பியது. சந்தைக்காரனுக்கும் ஆட்களுக்கும் கைக்காசைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த சீனி, நேராகப் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். புகாரில் இருந்தது ஒரே பெயர், கலாதேவி.

"அண்ணே, பாலாய்லேருந்து கூப்புட்டாங்க," என்றாள் அவள். போலீஸ் நிலையத்தை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "நாளைக்குக் காலையில வரச் சொல்றாங்க. நானூத்து இருபதுங்கிறாங்கண்ணே. நீங்க கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும்."

"வாரேன்," என்றார் பத்துமலை. அதையாவது சொன்னாரே.

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் வரை காரில் தனியாக வழக்கு நடத்தினார். நீதிபதி அவர், வக்கீல் அவர், குற்றவாளியும் அவர். வக்கீலுக்கு வாதம் ஒன்றும் கிடைக்கவில்லை. நானூற்று இருபதில் பிரம்படியும் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பிரம்படி கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து வயதானதில் கிடைத்த ஒரே லாபம் அதுதான். சேமநிதியைத்தான் நவமணி வாங்கிக்கொண்டாளே. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தன்னையே கேலி செய்துகொண்டு தப்பித்துப் போகிற பழைய வழி இந்தத் தடவை முட்டுச் சந்தாக இருந்தது.

நிலையத்து வாசலில் கலாதேவி நின்றாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. ஒரு கையில் கோயில் கணக்கு நோட்டு, மறு கையில் ஒரு துணிப் பை.

"என்னம்மா பையில?"

"துண்டு, ஒரு மாத்துத் துணி, சக்கர மாத்திர." அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பிடிச்சி வச்சிட்டாங்கன்னா? பெரியவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், தங்கச்சிக்குச் சோறாக்கிப் போடுன்னு. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா கேண்டீன் வேலையும் போயிரும்ணே."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று பத்துமலையின் நெஞ்சு சொன்னது. கதவைத் திறந்து அவளை முதலில் போகச் சொன்னார், அதுதான் அவரால் முடிந்தது.

உள்ளே சார்ஜன் தினேஸ்வரி என்று பெயர் குத்திய ஒரு பெண். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தமிழிலேயே பேசினார்.

"இவரு யாரு?"

"எங்க லாயர் அண்ணே," என்றாள் கலாதேவி.

"லாயரா?"

"லாயர் ஆபீஸ்ல... கோப்பு எடுத்துட்டுப் போவேன்," என்றார் பத்துமலை. இருபத்தெட்டு வருடத்தில் அந்தத் திருத்தத்தை அவர் செய்வது அதுதான் முதல் தடவை.

சார்ஜன் தலையை ஆட்டிவிட்டுக் கலாதேவியிடம் திரும்பினார். "பயப்படாதீங்க அக்கா. செக்கு திரும்புனா மட்டும் அது குத்தம் ஆயிராது. குடுக்கும்போதே பணம் இல்லன்னு தெரிஞ்சி, ஏமாத்துறதுக்காகக் குடுத்தீங்களான்னுதான் நாங்க பாப்போம். போன்ல அனுப்புறதுக்கும் அதே கதைதான். நீங்க எழுதுனப்ப கணக்குல பணம் இருந்திச்சா?"

குற்றம் எண்ணில் இல்லையாம், மனசில் இருக்கிறதாம். இத்தனை வருடம் கக்கத்தில் கிடந்த சங்கதி இன்றைக்குத்தான் பத்துமலையின் காதில் விழுந்தது.

"இருக்குன்னு நெனச்சேன்," என்றாள் கலாதேவி. "ஒருத்தரு ஐயாயிரம் போட்டாரு."

"யாரு?"

பத்துமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கலாதேவி தன் பக்கம் கை காட்டுவாள் என்று காத்திருந்தார். காட்டினால் பாதி வேலை மிச்சம்.

"பேரு வேணாங்க," என்றாள் அவள். "நல்ல மனசோட குடுத்தவரு. பேங்க்குக்காரங்க செஞ்ச தப்புக்கு அவர எதுக்கு இழுக்கணும்? செக்குல கையெழுத்து போட்டது நானு."

"அக்கா, பேரு சொல்லலன்னா, பணம் வந்திச்சின்னு நீங்க நம்புனதுக்கு என்ன ஆதாரம்? ஒண்ணும் இல்லாம எழுதிக் குடுத்த மாதிரிதானே இருக்கு." சார்ஜன் பேனாவைத் திறந்தார்.

கலாதேவி துணிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பத்துமலை கைப்பேசியை எடுத்தார். அந்தப் பச்சைச் சரி இன்னும் அதில் இருந்தது. திறந்து மேசை மேல் வைத்துவிட்டு, கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "அது நாந்தான்," என்றார்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. "இது இருபதாந்தேதி அனுப்புறதுக்குப் போட்டது. திருவிழா எட்டாந்தேதிலா."

"ஆமா."

"இத அக்கா பாக்கலியா?"

"விரல வச்சி மறச்சேன்."

கலாதேவி மெல்லத் தலையைத் திருப்பினாள். பத்துமலை திரும்பவில்லை.

"அன்னிக்கி உங்க கணக்குல எவ்வளவு இருந்திச்சி?"

"நாப்பத்து மூணு வெள்ளி."

"அவங்ககிட்ட காட்டும்போதே அது உங்களுக்குத் தெரியுமா? யோசிச்சிச் சொல்லுங்க அண்ணே. நான் எழுதப்போறேன்."

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் எத்தனை பேருக்கு அவர் இலவசமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என்ன கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க, ஞாபகம் இல்லாததுக்குத் தண்டனை கிடையாது. அந்த வார்த்தை இப்போது நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. சேமநிதி வரும் என்று நம்பினேன் என்றும் சொல்லலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது. வெளியே சொன்னால் அலுவலகம் போகும், நவமணியிடம் போனஸ் போகும், அடுத்த ஆடிக்கு மகேந்திரன் முகத்தில் முழிக்க முடியாது. பக்கத்து நாற்காலியில், மாத்துத் துணியோடு வந்தவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றார். "பணம் பின்னால வரும்னு நெனச்சேன். ஆனா அன்னிக்கி இல்லன்னு தெரியும். இருக்குன்னு இவங்க நம்பணும்னுதான் காட்டுனேன். அதுக்குப் பொறவும் சிஸ்டம் சிஸ்டம்னு சொல்லி ரெண்டாவது வாட்டியும் செக்க போடச் சொன்னது நாந்தான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

சார்ஜன் எழுதி முடித்தார். பிறகு அவர் கலாதேவியைப் பார்த்து, "நீங்க வெளிய உக்காருங்க அக்கா. ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவேன். வீட்டுக்குப் போலாம்," என்றார். பத்துமலையிடம் சொன்னது வேறு. "உங்க ரிப்போட்ட அதிகாரிகிட்ட குடுப்பேன். அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. சீனி பணத்த நீங்க கட்டுனாலும் இது தானா மறஞ்சிறாது. புரியுதா?"

"புரியுது."

கலாதேவி எழுந்தாள். திட்டுவாள் என்று பத்துமலை எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்ள அவரிடம் பழக்கம் இருந்தது. ஏதாவது கேலியாகச் சொல்லித் தன்னையே ஒரு குட்டு குட்டிக்கொள்ளலாம். அவள் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சோறும் சாம்பாரும் போட்டிருப்போம்," என்றாள். "சனம் சாப்புட்டிருக்கும். உங்கள யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க."

கதவு மூடிக்கொண்டது. சார்ஜன் ஒரு புதுத் தாளை எடுத்து வைத்து, அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். பிரிவு எண்கள் அத்தனையும் மனப்பாடமாக இருந்த பத்துமலை, தன் எண்ணை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். மூன்றாவது முறை அட்டையையே எடுத்துக் கொடுத்தார்.